பட்டம் வாங்கிய நாயின் குட்டி

எலவனாசூர்கோட்டை,
2.2.2025

அன்புள்ள தைலம்மாள் அக்காவுக்கு,

தம்பி கலைவாணன் எழுதுவது. நான் இங்கே நல்லபடியாக இருக்கிறேன். நீயும் மாமாவும் பாப்பா தமிழ்ப்ரியாவும் சுகம்தானே? பொங்கலுக்கு வந்தபோது மாமா இருமிக்கொண்டே இருந்தார். பனி விடும்வரை காட்டுக் காவலுக்குப் போக வேண்டாம் என்று சொல். உங்கள் பக்கம் எப்போதுதான் டவர் வைப்பார்களோ! ஒரு நிமிடம் போனில் பேசினால் முடிகிற சேதிக்குக் கடிதம் மலையேறி, ரேஷன் கடையில் காத்துக் கிடந்து உன் கைக்கு வர வேண்டியிருக்கிறது.

நாய்க்குட்டி எப்படி இருக்கிறது? நான் விட்டுவிட்டு வந்த பிறகு அழுததா? அதற்கு விதைக்கொட்டை ஒன்று கீழே இறங்கவில்லை. அப்படிப்பட்ட குட்டிக்கு நாய்ச் சங்கம் சான்று தராது. அதனால்தான் பிரவீன்குமார் முதலாளி எனக்குச் சும்மா கொடுத்தார். வேறு குறை ஒன்றும் இல்லை. பெல்ஜியம் ஜாதி. அதன் அப்பன் வால்ட்டர்தான் எங்கள் நாய்ப் பண்ணைக்கே பெயர் வாங்கித் தரப்போகிற நாய். இனிமேல் காட்டுப்பன்றி உன் மரவள்ளிப் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

என் வேலை என்னவென்று மாமா கேட்டார். சொல்லக் கூச்சமாக இருந்ததால் மழுப்பிவிட்டேன். என் வேலை கடி வாங்குவது. சிரிக்காதே. கையில் சணலால் செய்த தடித்த உறையை மாட்டிக்கொண்டு திருடன் மாதிரி ஓடுவேன், குச்சியை ஓங்குவேன். நாய் பாய்ந்து வந்து உறையைக் கவ்வும். முதலாளி "அவுட்" என்றால் விட வேண்டும். காவல் நாய்களை இப்படித்தான் பழக்குகிறார்கள். உறை இருப்பதால் ஒன்றும் ஆகாது. பயப்படாதே.

பாப்பாவுக்கு முத்தம். மாமாவுக்கு வணக்கம்.

தம்பி,
கலைவாணன்


மேல்நெல்லி,
24.2.2025

தம்பி கலைவாணனுக்கு அக்கா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். மாமாவின் இருமல் தணிந்திருக்கிறது, பீடிதான் தணியவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

குட்டிக்குக் கருவாயன் என்று பெயர் வைத்திருக்கிறோம். வாயும் மூக்கும் அடுப்புக்கரி பூசின மாதிரி இருப்பதால் பாப்பா வைத்த பெயர். இரண்டு நாள் அழுதது, பிறகு அவளோடு ஒட்டிக்கொண்டது. கயிற்றுத் துண்டைக் காட்டினால் கவ்விக்கொண்டு தொங்குகிறது. கயிற்றைத் தூக்கினால் அதுவும் கூடவே மேலே வருகிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை.

உன் வேலையைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. கடி வாங்குவது ஒரு வேலையா? மாமா மட்டும், "அவன் இன்னா சும்மாவா நிக்கிறான், சட்டை போட்டுக்கினுதானே நிக்கிறான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஒரு நல்ல சேதி. கீழ்நெல்லி அய்யனாரின் மகள் அருள்மொழியை உனக்குக் கேட்டிருக்கிறேன். உனக்குத் தெரிந்தவள்தான், பள்ளிக்கூடத்தில் உனக்கு மூன்று வகுப்பு கீழே படித்தாள். இப்போது அங்கன்வாடியில் வேலை. வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம். அவள் அப்பா ஒன்றுதான் கேட்டார்: "பையன் கையும் காலும் திடமா இருப்பானா? எங்க காடு மேட்டு நிலம், மாடு ஏறாது. மம்முட்டி புடிக்கணும்." என் தம்பி மரத்தைப் பிடுங்குவான் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் விருப்பத்தை எழுது.

இப்படிக்கு,
அக்கா தைலம்மாள்


எலவனாசூர்கோட்டை,
20.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. எல்லோரையும் கேட்டதாகச் சொல். அருள்மொழி விஷயத்தில் எனக்குச் சம்மதம். அவளுக்கும் சம்மதமா என்று கேட்டாயா? கேள். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை என் சிலேட்டை உடைத்துவிட்டு, தானே வாத்தியாரிடம் போய்ச் சொன்னவள். அப்போதே எனக்கு அவளிடம் ஒரு பயம் உண்டு.

இங்கே பட்டத்துக்கான பயிற்சி மும்முரமாக நடக்கிறது. பட்டம் என்றால் பட்டப்படிப்பு மாதிரிதான். மோப்பம், சொன்ன சொல் கேட்பது, காவல் என்று மூன்று தேர்வு. மூன்றிலும் தேறினால் பணிநாய்ப் பட்டம். இந்த வருஷத்திலிருந்து, தாயும் தகப்பனும் பட்டம் வாங்கியிருந்தால்தான் குட்டிகளுக்குச் சான்று என்று சங்கம் சொல்லிவிட்டது. அழகைப் பார்த்து நாய்களைச் சேர்க்காமல் குணத்தையும் வேலையையும் பார்த்துச் சேர்க்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த விதிதான். ஆனால் குணத்துக்கு எப்படி மார்க் போடுவது? பாய்கிற வேகத்துக்கு மார்க். முழு வாயால் கவ்வினால் மார்க், முன்பல்லால் பிடித்தால் குறைவு. விடச் சொன்னதும் விடாவிட்டால் கொஞ்சம் கழிப்பார்கள், அவ்வளவுதான்.

லைலா என்று ஒரு பெட்டை இருந்தது. நான் குச்சியை ஓங்கினால் வரும், கவ்வும். நான் அசையாமல் நின்றுவிட்டால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே விட்டுவிடும். என் வீட்டு வாசலில் ஒரு நாய் வேண்டுமென்றால் நான் அதைத்தான் கேட்பேன். போன மாதத் தேர்வில் 'ஆர்வம் போதாது' என்று தள்ளிவிட்டார்கள். முதலாளி அதைச் செங்கல் சூளைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். இனி அது குட்டி போட்டாலும் யாரும் சீந்தமாட்டார்கள்.

வால்ட்டர் வேறு மாதிரி. அதற்கு ஜூலையில் தேர்வு. வேலை ஜாஸ்தி. வைகாசியில் எப்படியும் வருகிறேன்.

தம்பி,
கலைவாணன்


மேல்நெல்லி,
15.4.2025

தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம். நாங்கள் சுகம், உன் சுகத்துக்கு எழுது. இந்த வருஷம் பலா நன்றாகக் காய்த்திருக்கிறது. நீ வரும்போது பழுத்துவிடும்.

அருள்மொழியைக் கேட்டேன். "அவரே வந்து கேக்க மாட்டாரா?" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கு மேல் என்ன வேண்டும்? வைகாசி முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டார் வந்து பேசி முடிக்கிறார்கள். நீ சனிக்கிழமையே வந்துவிடு.

கருவாயன் வளர்ந்துவிட்டது. சொன்னதைச் சட்டென்று புரிந்துகொள்கிறது. பன்றிக் கூட்டத்தை ஓடைவரை துரத்தியதாக மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒன்றுதான், பக்கத்து வீட்டு நிர்மலாவின் கோழியைப் பிடித்துவிட்டது. கொல்லத்தான் பிடித்தது என்றும் சொல்ல முடியவில்லை. வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. எவ்வளவு அதட்டியும் விடவில்லை. நிர்மலாவுக்கு வேறு கோழி கொடுத்துச் சமாதானம் செய்தேன். குட்டித்தனம்தானே, போகப்போகச் சரியாகும் இல்லையா?

இப்படிக்கு,
தைலம்மாள்


மேல்நெல்லி,
3.6.2025

கலைவாணனுக்கு,

நீ சுகமா, இல்லையா என்றுகூடத் தெரியாமல் எழுதுகிறேன். நாங்கள் இருக்கிறோம்.

அய்யனார் வீட்டார் பதினைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலக் கடைசி பஸ் வரும்வரை மாமா ரோட்டில் நின்றுவிட்டு வந்தார். பையனுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நானே ஒரு பொய்யைச் சொல்லி, சோறு போட்டு அனுப்பினேன். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. உனக்கு விருப்பம் இல்லையென்றால் ஒரு வார்த்தை எழுதிவிடு. ஒரு பெண்ணை வாசலில் நிறுத்தி வைக்காதே.

கருவாயன் போன வாரம் எங்கள் வெள்ளாட்டுக் குட்டியின் பின்னங்காலைப் பிடித்துவிட்டது. மாமா அடித்தார். அடிக்க அடிக்க இன்னும் இறுக்கியது. உலக்கை நுனியை வாய்க்குள் விட்டு நெம்பித்தான் எடுத்தோம். ஆட்டுக்குட்டி பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு கருவாயன் வந்து பாப்பாவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டது. நான் அவளை இழுத்துக்கொண்டேன்.

பதில் எழுது.

தைலம்மாள்


எலவனாசூர்கோட்டை,
28.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. என்னை மன்னித்துவிடு. நீ, மாமா, பாப்பா எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இதை நான் சொல்லச் சொல்ல, முதலாளியின் தங்கை தேவிப்ரியா எழுதுகிறார். எனக்கு வலது கட்டைவிரலில் நகச்சுற்று. பேனா பிடிக்க முடியவில்லை. நடுவில் காய்ச்சல் வேறு வந்து படுத்துவிட்டேன். அதனால்தான் வைகாசியில் வர முடியவில்லை. வேறொன்றும் இல்லை.

அருள்மொழி வீட்டாரிடம் எனக்கு முழுச் சம்மதம் என்று சொல். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகவும் சொல். ஜூலை தேர்வு முடியும்வரை முதலாளி என்னை வெளியே விடமாட்டார். அதற்குப் பிறகு பார்க்கலாம்.

கருவாயனைச் சங்கிலியில் கட்டி வை. கயிறு வேண்டாம், கடித்துவிடும். இந்த ஜாதிக்கு வேலை கொடுக்காவிட்டால் இப்படித்தான் எதையாவது பிடிக்கும். பாப்பாவைப் பக்கத்தில் விடாதே.

உன் தம்பி,
கலைவாணன்


மேல்நெல்லி,
27.7.2025

தம்பிக்கு,

தேவிப்ரியா அம்மாவின் எழுத்து முத்து முத்தாக இருந்தது. அந்தப் புண்ணியவதிக்கு என் வணக்கம் சொல். நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் சொருகிக்கொள். ஒரு மாதமாகவா ஆறாமல் இருக்கும்? இங்கே நாங்கள் சுகம். மழை நன்றாகப் பெய்து சாமை முளைத்திருக்கிறது.

உன் சம்மதம் கிடைத்ததும் அய்யனார் முகம் தெளிந்தது. ஆவணியில் பூ வைத்துவிடலாம் என்கிறார். நீ வர முடியாவிட்டாலும் நானும் மாமாவும் போய்ப் புடவை கொடுத்து வைத்துவிடுகிறோம். தையில் கல்யாணம். அருள்மொழி இப்போது வாரம் ஒருமுறை இங்கே எட்டிப்பார்க்கிறாள். பாப்பாவுக்கு அவள் என்றால் உயிர்.

இப்போது நான் கேட்பதற்கு நேராகப் பதில் சொல். கருவாயனைச் சங்கிலியில்தான் கட்டியிருக்கிறேன். எங்கள் மூன்று பேரிடமும் அது வாலாட்டுகிறது. ஆனால் எதையாவது கவ்வினால் விடமாட்டேன் என்கிறது. மாமா, "வேணாம் தைலம், யாருக்காவது குடுத்துரலாம். அது கண்ணு வாய்ல இருக்குது" என்கிறார். கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஆளும் இருக்கிறது. நீ ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்தது என்பதால் யோசிக்கிறேன். இதன் அப்பனை உனக்குத் தெரியும். அது எப்படி? அதற்கும் இந்தக் குணம் உண்டா? மனுஷனைக் கடித்திருக்கிறதா? நீ என்ன சொல்கிறாயோ அதன்படி செய்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா


எலவனாசூர்கோட்டை,
17.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவர் நலமும் அறிய ஆவல். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. இடது கையால் எழுதிப் பழகுகிறேன்.

வால்ட்டருக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. காவல் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. நடுவர் நாராயணசாமி ஐயா மைக்கிலேயே பாராட்டினார். சங்கராபுரம், திருநாவலூர், கள்ளக்குறிச்சி என்று குட்டி வாங்கிய எல்லோருக்கும் சான்று போகிறது.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். பட்டம் வாங்கிய நாயின் குட்டி, பயப்படாதே. "அவுட்" என்றதும் விட்டால்தான் பட்டமே கொடுப்பார்கள். கருவாயனுக்கு வயது பத்தாது, அவ்வளவுதான். கட்டியே வை, போதும்.

பூ வைப்பதை நீங்களே நடத்திவிடுங்கள். நான் தையில் வருகிறேன்.

தம்பி,
கலைவாணன்


மேல்நெல்லி,
5.10.2025

கலைவாணனுக்கு,

சுகம் விசாரிக்க நேரம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அருள்மொழி வந்தாள். புதுச் சாமை அரிசி கொண்டுவந்தாள். கருவாயன் வாசல் ஓரத்தில் சங்கிலியில் கிடந்தது. அவள் எட்டவே நின்று, "கடிக்குமா அண்ணி?" என்று கேட்டாள். நான் உள்ளே அடுப்படியில் இருந்தேன். "இல்ல கண்ணு, அதும் அப்பன் பட்டம் வாங்கின நாய். தம்பி எழுதிக்கினு இருக்கான், நீ வா" என்று சொன்னேன். அவள் நேராக நடந்து வந்தாள்.

கெண்டைக்காலைப் பிடித்தது. குரைக்கவில்லை, உறுமவில்லை. மாமா கடப்பாரையால் அடித்தார். உலக்கையை விட்டு நெம்பினோம், உலக்கை நுனிதான் உடைந்தது. கடைசியில் சங்கிலியை அதன் கழுத்தில் முறுக்கி, அது மூச்சடைத்து மயங்கின பிறகுதான் வாய் தளர்ந்தது. அப்புறம் மாமா கோடாலியை எடுத்துக்கொண்டு வந்து முடித்தார்.

தூளி கட்டி ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனோம். முன்னால் ஓடின பையன் ரோட்டுப் பக்கம் போய்ப் போன் போட்டிருந்தான், ஆம்புலன்ஸ் வந்து காத்திருந்தது. டாக்டர்கள் எவ்வளவோ பார்த்தார்கள். சதையே இல்லை என்றார்கள். வியாழக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நீ இப்போது வராதே. அய்யனாரின் தம்பிமார் கோபமாக இருக்கிறார்கள். மாமா சோறு தின்று நாலு நாளாகிறது. பாப்பா நாயையும் கேட்கவில்லை, அருள்மொழியையும் கேட்கவில்லை. ஒன்றும் பேசமாட்டேன் என்கிறாள்.

தைலம்மாள்


எலவனாசூர்கோட்டை,
14.10.2025

அக்கா,

உன் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். உன் நலம் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

எனக்கு நகச்சுற்று வரவில்லை. சித்திரைக் கடைசியில் வால்ட்டர் என் வலது கையைக் கடித்தது. விட்டால்தான் பட்டம் என்று நான் எழுதியதும் பொய், வால்ட்டர் சொல்லுக்கு விடுகிற நாய் இல்லை. அதன் கழுத்தில் கரண்டு பட்டை ஒன்று கட்டி, "அவுட்" என்றதும் பொத்தானை அழுத்தி, வலியில் விட வைத்துப் பழக்குகிறார்கள். தேர்வு மைதானத்தில் பட்டை கூடாது. அதனால் தேர்வு நாள் காலைவரை பட்டையோடு வைத்திருந்து கழற்றிவிடுவார்கள். பட்டை இல்லை என்பது நாய்க்குப் புரிவதற்குள் பத்து நிமிடத் தேர்வு முடிந்துவிடும். ஆனால் கரண்டு குட்டிக்குப் போகாது அக்கா. அப்பனின் வாய்தான் குட்டிக்குப் போகும்.

அன்று பயிற்சியில் பட்டையின் பேட்டரி தீர்ந்திருந்தது. உறை நழுவி, அது முன்கையைப் பிடித்தது. முதலாளி "அவுட், அவுட்" என்று கத்திக்கொண்டே இருந்தார். மரக்கட்டையை வாய்க்குள் கொடுத்துத்தான் பிரித்தார்கள். நரம்பு அறுந்துவிட்டது. இரண்டு ஆபரேஷன் ஆகியும் மூன்று விரல் மடங்கவில்லை. மம்முட்டி பிடிக்க முடியாது. பேனாகூட முடியாது.

முதலாளி ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தார். அதையும் சொல்ல வேண்டும். ஆனால், "ஜூலை வரைக்கும் வாயத் தொறக்காத கலை. ஆளக் கடிச்ச நாய்னு தெரிஞ்சா மைதானத்துலயே ஏத்த மாட்டாங்க. ரெண்டு வருஷ உழைப்பு" என்றார். சரி என்றேன். அவருக்காகச் சரி என்று சொல்லவில்லை. பையன் கையும் காலும் திடமா என்று அய்யனார் கேட்டதாக நீ எழுதியிருந்தாயே, அதுதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கை போனது தெரிந்தால் அருள்மொழியைத் தரமாட்டார்கள் என்று பயந்தேன். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

தேர்வு நாளில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்தில் நின்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகுதான் நீ கேட்ட கேள்விக்கு உட்கார்ந்து பதில் எழுதினேன். வால்ட்டர் மனுஷனைக் கடித்திருக்கிறதா என்று நீ கேட்டாய். கடிபட்ட கை மேஜை மேல் கிடந்தது. மற்ற கையால் பட்டத்தைப் பற்றி எழுதினேன்.

நாளைக்கு நாராயணசாமி ஐயாவைப் பார்க்கப் போகிறேன். பட்டத்தைத் திரும்ப வாங்கச் சொல்லப்போகிறேன்.

கலைவாணன்


மேல்நெல்லி,
26.10.2025

கலைவாணனுக்கு,

உன் கடிதத்தை மாமாவிடம் காட்டவில்லை. காட்டினால் அந்த மனுஷன் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போய் அருள்மொழிக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. முழுவதும் கேட்டாள். கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை படித்தாள். "இடது கையில எழுதினதா?" என்று மட்டும் கேட்டாள்.

நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அன்றைக்கே நாயைக் கொடுத்துவிட்டிருப்பேன். உன்னைத் திட்ட வாய் வருகிறது, அந்தக் கையை நினைத்தால் திட்ட முடியவில்லை. எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய்? யார் சோறு ஊட்டினது?

தைலம்மாள்


சங்கராபுரம்,
23.11.2025

அக்காவுக்கு,

நான் பண்ணையை விட்டு வந்துவிட்டேன். இங்கே ஒரு மாவு மில்லில் இடது கை போதும் என்கிற வேலை கிடைத்திருக்கிறது. உடம்பு பரவாயில்லை. மாமாவைச் சாப்பிட வை. பாப்பா பேசினாளா என்று எழுது.

நாராயணசாமி ஐயா என்னை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியது. ஆனால் கடைசியில், "தம்பி, நான் மைதானத்துல பாத்ததுக்குத்தான் மார்க் போட முடியும். அன்னிக்கு வுட்டுச்சா இல்லியா? வுட்டுச்சு" என்றார்.

"அப்ப என் கை ஐயா? அந்தப் பொண்ணு காலு?"

"அதுக்கு ரூல்ல எடம் இல்லப்பா. தேர்வுக்கு முன்னாடி வந்து சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன். குடுத்தப்புறம் புடுங்கறதுக்கு விதி இல்ல."

சங்கத்துக்கு எழுதிப் போடுவதாகச் சொன்னார். போட்டாரோ என்னவோ.

சேதி எப்படியோ பரவிவிட்டது. பரவியதால் வால்ட்டருக்கு மவுசு கூடியிருக்கிறது அக்கா. பிடித்தால் விடாத நாயாமே என்று கேட்டு எங்கிருந்தெல்லாமோ முதலாளிக்குப் போன் வருகிறதாம். அவர் வால்ட்டரை, முன்பே பட்டம் வாங்கிவிட்ட அதன் சொந்தப் பெண் குட்டியோடு சேர்க்கப்போகிறார். அந்த வாய் இரட்டிப்பாக வர வேண்டுமாம். அந்தக் குட்டிகளுக்கும் சான்று உண்டு.

மற்றக் குட்டிகளை வண்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். அதனால் வீடு வீடாகப் போகிறேன். திருநாவலூர்க்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, "அதுக்குத்தானே வாங்கினோம்" என்று சிரித்தார். கள்ளக்குறிச்சியில் கேட்டையே திறக்கவில்லை. இங்கே சங்கராபுரத்தில் ராதிகா என்று ஒரு அம்மா, இடுப்பில் கைக்குழந்தையோடு நின்று கேட்டார். சட்டையை மடித்துக் காட்டினேன். அவர் புருஷன், "சான்று இருக்குதுல்ல" என்றார். "சான்ற நீ கட்டிக்கினு அழு. இன்னிக்கே இது வூட்ட வுட்டுப் போவணும்" என்று அந்த அம்மா சொன்னார். மறுநாள் கால்நடை டாக்டரை அழைத்து ஊசி போட்டுவிட்டார்கள். நான்தான் பிடித்துக்கொண்டேன். என் விரலை நக்கிக்கொண்டே தூங்கிப்போனது. அதன்மேல் என்ன தப்பு இருக்கிறது, சொல்.

இன்னும் நாலு வீடு பாக்கி. அருள்மொழிக்கு எழுத எனக்குத் துணிவு இல்லை. நீ அனுமதித்தால் தைக்கு முன் ஒருமுறை வந்து அவள் வீட்டு வாசலில் நிற்கிறேன்.

கலைவாணன்


கீழ்நெல்லி,
14.12.2025

திரு. கலைவாணன் அவர்களுக்கு,

அய்யனார் மகள் அருள்மொழி எழுதுகிறேன். நீங்கள் அண்ணிக்கு எழுதிய கடிதத்தை அவர்கள் எனக்குப் படித்துக் காட்டினார்கள். புண் ஆறிவிட்டது. செயற்கைக் கால் வைக்க அளவெடுத்திருக்கிறார்கள். இல்லாத பாதம் சில சமயம் அரிக்கிறது. அங்கன்வாடி வேலை போகவில்லை. அப்பா காலையில் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டுபோய் விடுகிறார். தமிழ்ப்ரியா பள்ளிக்கூடம் விட்டதும் நேராக என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் வாய் திறந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

பூ வைத்தபோது அண்ணி கொடுத்த புடவையைத் திருப்பித் தருவதுதான் முறை. என்னை ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது, அன்றைக்கு நான் கட்டி வந்திருந்த அந்தப் புடவையை அவிழ்த்துக் கட்டின தூளியில்தான். ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்து எறிந்துவிட்டார்கள். அதனால் தருவதற்கு ஒன்றும் இல்லை.

நீங்கள் வந்து எங்கள் வாசலில் நிற்க வேண்டாம். சித்தப்பாமாருக்குப் பயந்து சொல்லவில்லை, அவர்களை நான் அடக்கிவிடுவேன். உங்களைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. மீதி நாலு வீடு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அங்கே போங்கள். கேட்டைத் திறக்காத வீட்டுக்கு மறுபடியும் போங்கள். என் காலைப் பற்றியும் சொல்லுங்கள், பெயரோடு சொல்லுங்கள். எனக்கு வெட்கமில்லை.

கடிக்குமா என்று நான் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். இதைத்தான் நான் இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குருட்டுத்தனமாக வரவில்லை, கேட்டேன். அண்ணியும் பொய் சொல்லவில்லை, நீங்கள் எழுதியதைச் சொன்னார்கள். பதில் உங்களிடம் இருந்தது.

உங்கள் கை விளங்காமல் போய்விட்டது என்று வைகாசியிலேயே தெரிந்திருந்தால், அப்பா யோசித்திருப்பார். சித்தப்பாமார் வேண்டாம் என்றிருப்பார்கள். நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அருள்மொழி